கரிக்கோடு

ஆச்சி வீட்டுக்கு நான் போட்ட ஆறாவது வரைபடம் போன மாதம்வரை என் தகரக் குழாய்க்குள் சுருண்டு கிடந்தது. விரித்தால் மூலைக்கு மூலை மங்கலாக ஒரு தடம். ஆச்சி அடுப்புக்கரியால் இழுத்த கோட்டை நான் ரப்பர் போட்டுத் தேய்த்து அழித்த தடம் அது. அதைப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்காது.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடி செக்காலையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வீடுகளுக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு; தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் வேறு. ஆச்சிக்கு நாற்பது இருக்கும்; நகரத்தார் வீட்டுப் பெண்களை எந்த வயதிலும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் தேவகோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தான். அதே ஊரில் அவர்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி பங்குக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. கல்யாணமான ஒவ்வொரு மகனையும் தனி அடுப்போடு வேறு வைப்பது அவர்கள் வழக்கம். கூரை ஒன்று, உலை பத்து. ஒருநாள் வாய்ச்சொல் தடித்ததில், தையில் கல்யாணமாகப் போகும் கொழுந்தன் மகனுக்கே அந்த அறையையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியுமா? தைக்குள் திருப்பத்தூர் சாலையோரம் தன் நிலத்தில் வீடு எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் தலைசாய்க்க இடமில்லை.

வாரம் தவறாமல் என் மாடியறைக்கு வருவார். உட்கார மாட்டார், நடந்துகொண்டே பேசுவார். வேம்பை வெட்டக்கூடாது, சுவரைத் தள்ளிப் போடுங்கள் என்பார். அடுப்படி ஜன்னல் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்பார். ஊர் வீட்டைப்போலவே வாசல்கள் நேர்கோட்டில் நிற்க வேண்டும். முன்வாசலில் நின்றால் முற்றம் தாண்டி, பின்வாசல் வழியே, கண்மாய்க்கரை தெரிய வேண்டும். இதில் மட்டும் என் ஆசையும் அவர் ஆசையும் ஒன்றாக இருந்தது. அதுதான் வினை.

ஆறாவது தாளில்தான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மழை பெய்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் கண்மாய்க்கு வரும், குறுக்கே எதுவும் வேண்டாம் என்றார். போய்ப் பார்த்தேன். சித்திரை மாதம். வரத்துக்கால் என்று அவர் காட்டியது கணுக்கால் ஆழப் பள்ளம்; அதில் ஆடுகள் படுத்திருந்தன. சில வருஷமாக மழையும் சரியில்லை. வீட்டை நகர்த்தினால் கண்மாய்க்கரை நேருக்கு வராது. ஏழாவது தாள் போடவும் எனக்குப் பொறுமையில்லை. “தண்ணி எங்கே ஆச்சி வருது?” என்று சிரித்தேன். தரைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் பதித்துவிடுகிறேன், வந்தால் அதில் போகட்டும் என்றேன். ஆச்சி பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தை மாதம் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஐப்பசியில் குடிபோனார். கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. குழாயை முள்ளும் சருகும் அடைத்துக்கொள்ள, வந்த வெள்ளம் சுவரில் முட்டி, ஆச்சியின் அறைக்குள் முழங்கால் அளவுக்கு ஏறி, மிச்சம் பொட்டலில் போய்ப் பாய்ந்தது. கீழே கண்மாய் பாதிகூட நிறையவில்லை. அதை நம்பி நட்டவர்கள் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கண்மாய் நிறையாவிட்டால் கதிர் முற்றாது என்று மட்டும் சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்து, இன்னொரு குழாய், பெரிய குழாய் என்று உளறினேன். ஆச்சி திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

“அழிச்சது நீங்கதானே தம்பி. எங்குட்டு இடிக்கணுமுன்னு நீங்களே போட்டுக் காட்டுங்க.”

முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், மெருகு மங்காமல் இருந்தது. அதன்மேல் போட்டேன். கோடு அவர் அறையின் நடுவே போயிற்று. ஒரே ஓர் அறைக்காகத்தானே அத்தனை பாடும்! கடப்பாரை விழும்போது ஆச்சி தன் பெட்டியைத் தானே தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் வீட்டை இரண்டாக வகுந்துகொண்டு தண்ணீர் ஓடியது. தையில் அந்தக் கல்யாணத்துக்கும் போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தாராம். எழுபதுகளில் நான் போனபோதெல்லாம் அடுப்படியில்தான் கட்டில் கிடந்தது. அந்த அறையை அவர் திரும்பக் கட்டவேயில்லை. எனக்குக் காபி கொடுப்பார். அன்றைய பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்திருக்கலாம்.

போன மாதம் அவர் மகன் வந்தார். ஆச்சி போய்ப் பல வருஷமாகிறது. மகனுக்கும் தலை நரைத்துவிட்டது. இரண்டு துண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு ஹாலும் கார் நிறுத்த இடமும் வரும்படி பிளான் வேண்டுமாம். வரத்துக்காலைச் சொன்னேன்.

“இப்பத் தண்ணி எங்கேண்ணே வருது?” என்று சிரித்தார். அச்சு அசல் என் சிரிப்பு.

என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டில் கரி ஏது? தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் ஒரு துண்டு வாங்கிவந்தேன். தகரக் குழாயிலிருந்து அந்தத் தாளை உருவி விரித்து, அழித்த தடத்தின் மேலேயே, மூலைக்கு மூலை அழுத்தி இழுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இதுதான் பிளான், தம்பி. வேற போடத் தெரியாது எனக்கு.”