கிரேன் கேபினில் ஒரு யோகி

வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார் ஓஸ்வால்ட். ஜீவனஹள்ளி வீட்டில் மனைவி மௌரீன் வைத்ததுதான் சட்டம். கூரையை ஒட்டிய தன் கேபினில் மட்டும் அவர் மகாராஜா. அந்த ராஜ்ஜியத்துக்கு 2003-இல் ஆபத்து வந்தது. மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. "மூணு மாசத்துல குறையலேன்னா கிரேன்ல ஏற விடமாட்டேன்," என்று கம்பெனி டாக்டர் நிருபமா கறாராகச் சொல்லிவிட்டார்.

அதே சமயம் டாக்டர் ஓர் ஆராய்ச்சியும் தொடங்கினார். யோகா செய்தால் தொழிலாளிகளின் சர்க்கரையும், உடம்புக்குள் சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் குறைகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு யோகா. மீதிப் பேர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எப்போதும் போல இருக்கவேண்டும். ஓஸ்வால்ட் விழுந்தது இந்தச் சும்மா இருக்கும் கும்பலில். அநியாயம்தான்!

வகுப்பு நடந்தது ஷிஃப்டுக்கு முன்னால், கிரேனுக்குக் கீழே. பிரேக் சோதிக்க அவர் அந்நேரம் மேலே இருப்பது வழக்கம். மனுஷன் சும்மா இருப்பாரா? கீழே கை தூக்கினால் மேலேயும் தூக்கினார். கீழே மூச்சிழுத்தால் மேலேயும் இழுத்தார். காலை நீட்டும்போதுதான் வம்பு. எச்சரிக்கை மணியின் மிதி அங்கேதான் இருந்தது. தினமும் சரியாக அந்த ஆசனத்தில் 'டணங்' என்று கேட்க, யோகா மாஸ்டரின் ஏற்பாடு என்று எல்லாரும் நினைத்தார்கள். கம்பெனி ஏற்பாடு என்று மாஸ்டர் நினைத்தார்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. ஓஸ்வால்டுக்குச் சர்க்கரை, அழற்சி இரண்டும் நன்றாக இறங்கியிருந்தன. டாக்டரின் முகம்தான் வாடியிருந்தது.

"சும்மா இருந்த உங்களுக்கே இவ்வளவு குறைஞ்சா, யோகாவால என்ன பிரயோஜனம்னு கேட்டு வகுப்பையே நிறுத்திடுவாங்க."

ஓஸ்வால்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டால் கிரேன் மிஞ்சும். திறந்தால், கேபினில் விளையாடியதற்காக அதுவும் போகும். ஆனால் யோகா வகுப்புக்கு முட்டி வலியோடு நொண்டி வந்த சக தொழிலாளி சேஷகிரி இப்போது வீசி நடப்பதைத் தினமும் மேலிருந்து பார்த்தவர் அவர். மனசு கேட்கவில்லை.

"மேடம், நான் சும்மா இல்ல. மேல குந்திக்கினு ஸ்வல்ப யோகா பண்ணிட்டேன்."

"கிரேன்லயா? அப்போ அந்த மணி...?"

"என் காலுதான் மேடம்."

திட்ட வாயெடுத்த டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ஆராய்ச்சியிலிருந்து ஓஸ்வால்டின் பெயரை அடித்தார். "இனிமே அங்க ஆசனம் போட்டீங்கன்னா கிரேன் கிடையாது. நாளைலேர்ந்து கீழ வந்து பண்ணிட்டு அப்புறம் ஏறுங்க."

கிரேனை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று மூன்று மாதம் நடுங்கியவர், மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே ஏணியில் இறங்கிவந்து முதல் வரிசையில் பாயை விரித்தார்.