டிசம்பர் தீர்மானம்

நகரசபைப் பதிவறையில் இருபத்தாறு வருடம் தூசி தின்றவளுக்கு அலுவலகத்தில் 'கரையான்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதில்லை. அத்தனை கோபத்தையும் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அக்கா வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்ததும் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டது.

அக்கா இருப்பது கடற்சுவரை ஒட்டிய தெருவில். நாற்பத்திரண்டு வீடுகள். தெரு முழுக்க ஆக்கிரமிப்பாம், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம், அங்கே பூங்கா வரப்போகிறதாம். 'இவ்விடத்தைக் குடியிருப்புக்கு ஒதுக்கிய தீர்மானம் ஏதுமில்லை எனப் பதிவறைப் பொறுப்பாளர் சான்றளித்துள்ளார்' என்றது கடைசி வரி.

"இது நீ குடுத்ததா?" என்றாள் அக்கா.

அவள்தான் கொடுத்தாள். மூன்று மாதம் முன்பு நகரசபைத் தலைவரின் உதவியாளர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தார்: 'ஐம்பத்தெட்டாம் வருடப் புத்தகத்தில் அந்தத் தெருவைப் பற்றி ஏதாவது உண்டா?' கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இல்லை. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அந்த ஆபீஸில் ஊறிப்போன பழக்கம்.

பழைய தெருவைக் கடல் கொண்டுபோனது ஐம்பத்தெட்டு டிசம்பரில். அந்த மாதக் கடைசியிலேயே சபை கூடி இந்த இடத்தைக் கொடுத்தது. ஆனால் ஒரு கூட்டத்தின் தீர்மானங்களை அடுத்த கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகுதான் புத்தகத்தில் சேர்ப்பார்கள். டிசம்பர் தீர்மானம் ஐம்பத்தொன்பதாம் வருடப் புத்தகத்தில்தான் இருக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நினைக்க நினைக்கத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"வேணும்னே எழுதினேன்னு நினைக்கிறியாக்கா?"

"நினைக்கலடி. இடிக்க வர்ற மிஷினுக்கு அது தெரியுமா?"

ஆபீஸுக்குப் போனதும் புத்தகத்தை இழுத்தாள். ஏழாம் பக்கம். நாற்பத்திரண்டு மனைகளும் வரிசையாக இருந்தன. அப்படியே தூக்கிக்கொண்டு போய் உதவியாளர் மேஜையில் போட்டாள். அவர் பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

"சான்று போயாச்சு. இப்ப மாத்துனா உங்க வேலைதான் போகும். நகரசபையோட நூற்றாண்டு மலரும் அச்சுக்குப் போயிருச்சு. அந்த இடம் எப்பவும் வெறும் மணல்னு போட்டிருக்கோம்."

வெறும் மணல்! அக்கா பிறந்ததும் அவள் பிறந்ததும் அந்த மணலில்தான். ஊரின் வரலாறு என்று பளபளத் தாளில் பொய்யை அடித்து, தலைவர் படத்தையும் போட்டு, வீட்டுக்கு வீடு கொடுக்கப் போகிறார்களாம்.

நான்காம் நாள் சபைக் கூட்டம். எந்தக் கூட்டமும் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்த பிறகே தொடங்கும், வாசிப்பது அவள். பதிவுகளில் பிழை இருந்தால் கடைசியில் அதையும் வாசிக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒருவராவது காது கொடுத்ததில்லை. அன்றும் ஒருவர் தேநீர் ஊதினார், ஒருவர் கொட்டாவி விட்டார், தலைவர் செல்போனுக்குள் இருந்தார்.

குறிப்பில் இருந்த பன்னிரண்டு இனங்களையும் வாசித்தாள். குரலை ஏற்றாமல், இறக்காமல் தொடர்ந்தாள்: "பிழைத்திருத்தம். கடற்சுவர்த் தெரு குறித்த பதிவறைச் சான்று தவறு. ஐம்பத்தொன்பதாம் வருடப் புத்தகம், பக்கம் ஏழின்படி நாற்பத்திரண்டு மனைகளும் குடியிருப்போருக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டவை. சான்று திரும்பப் பெறப்படுகிறது. காலி செய்யும் நோட்டீஸ் ரத்து."

"ஆட்சேபம் இல்லையே?" தலைவர் நிமிரவில்லை.

ஒப்புதலாக எல்லாக் கைகளும் பழக்கத்தில் உயர்ந்தன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உதவியாளர் முகம் வெளுத்து எழுந்து ஓடிவந்தார். அதற்குள் அவள் நீட்டிய தாளில் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியாகிவிட்டது. உதவியாளர் அவர் காதில் என்னவோ சொன்னார்.

"என்னம்மா வாசிச்ச நீ?" தலைவர் கத்தினார்.

அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த கூட்டத்துல திரும்ப வாசிப்பாங்கய்யா. நானோ, எனக்குப் பதிலா வேற யாரோ. அப்பவாவது கேளுங்க."