எஸ்தர் அம்மாவின் எரிந்த உரைகள்

தாகேதாவில் எஸ்தர் அம்மா வீட்டின் பின்பக்கம் நான் போனபோது, தகர டின்னில் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் தாமஸ் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றார். கருகிய ஓரத்தில் அம்மாவின் கையெழுத்து.

லான்மடாவில் ஓர் அச்சகத்தில், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, பில் புக் என்று அடித்துக்கொண்டிருந்த எனக்கு முதன்முதலாகக் கிடைத்த முழுப் புத்தகம் அம்மாவுடையது. துறைமுகத் தொழிலாளிகளுக்காகவும், பர்மாவிலேயே பிறந்தும் குடியுரிமை அட்டை கிடைக்காதவர்களுக்காகவும் வாதாடிய வக்கீல் அவர். பிறகு நீதிபதியானார். காகிதங்களை வீட்டை விட்டு வெளியே விடமாட்டார். அதனால் லேப்டாப்போடு போய் அங்கேயே டைப் செய்வேன். கட்டுரைகள் முடிந்துவிட்டன. அன்றைக்கு உரைகளைத் தொடங்க வேண்டும். எரிந்தது அந்த உரைகள்தான்.

"என்னாண்ணே இது? எரிக்கறதுக்கு அம்மா பேச்சுதான் கெடச்சுதா?" என்று கத்திவிட்டேன்.

"போ தங்கச்சி. புக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சத்தம் கேட்டு அம்மா வாக்கரைப் பிடித்தபடி வந்தார். டின்னைப் பார்த்தார். மயங்கி விழுவார் என்று பயந்து அவரைப் பிடிக்க ஓடினேன். அவரோ ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"ஏன் எரிச்சே தாமஸ்? முழுசாச் சொல்லு. நடுவுல பேச மாட்டேன்."

"வார்டு ஆபீஸ்ல உங்க புக்கைப் பத்தி விசாரிக்கறாங்கம்மா. எம் பொண்ணு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கா. உங்களை வயசுக்காக விட்டுருவாங்க. அவளை விடுவாங்களா?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பயந்தவனைத் தண்டிக்க நான் பெஞ்சுல உக்காரலை. ஆனா என்னைக் கேக்காம எரிச்சது தப்பு."

"தப்புதாம்மா."

"யபாதெ, விடு" என்றார். பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் பர்மியச் சொல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாழ்நாள் வேலை எரிந்து கிடக்க, யபாதெயா!

"லேப்டாப்பைத் தொற. குடியுரிமை அட்டைப் பேச்சை ஞாபகத்துலேருந்து சொல்றேன்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். கோர்ட்டில் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதியில் நினைவு நின்றுபோனது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாசற்படியிலிருந்து தாமஸின் குரல் வந்தது. "எங்க பாட்டன் தூக்கின மூட்டையிலதான் இந்தத் துறைமுகம் நிக்குது. அதுக்கு மேல என்ன அத்தாட்சி கேக்கறீங்க?"

அம்மா திரும்பினார். "ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"சமையக்கட்டுல நடந்துகிட்டே சொல்லிப் பாப்பீங்களே. நான் அங்கதானம்மா உக்காந்து படிச்சேன்."

அதன்பின் அம்மா விட்ட இடத்தில் அவர் எடுத்துக்கொடுத்தார். சில இடங்களில் இருவரும் சண்டைகூடப் போட்டார்கள். உரைகள் எல்லாம் வரவில்லை, முக்கியமானவை வந்தன. பேத்தி பாஸ்போர்ட் வாங்கி ஊரை விட்டுக் கிளம்பிய பிறகே அச்சடிக்க வேண்டும் என்றார் தாமஸ். அம்மா ஒப்புக்கொண்டார். அப்படியே செய்தோம். புத்தகத்தைக் கடையில் வைக்கவில்லை, கைக்குக் கை கொடுத்தோம்.

டிடிபி பழக வருகிற பிள்ளைகளிடம், முதலில் பேக்கப் எடு என்பேன். அது தொழில் பாடம். அந்த வீட்டில் நான் கற்றது வேறு. தப்பு கண்ணெதிரே நடந்தாலும், செய்தவரைப் பேசவிட வேண்டும். அன்றைக்கு என் கோபத்துக்கு விட்டிருந்தால் தாமஸை வெளியே துரத்தியிருப்பேன். மிச்ச உரையும் அவரோடு போயிருக்கும்.