ஒரே இடத்தில் கிழிந்த மீன்

லிஃப்ட்காரரைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருஷத்தில் அந்த மனிதரோடு நான் இருந்தது மொத்தம் ஆறே சாயங்காலம். அதிலும் பாதி நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேறு யாரும் இல்லை. அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

நான் ஒரு கடற்கரை விடுதியில் சமையல்காரி. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் மீன் சுடக் கற்றுக்கொடுப்பேன். மணலில் ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே எட்டுக் கரி அடுப்பு, ஒவ்வொன்றின் மேலும் கம்பி வலை. பக்கத்தில் பலகை, கத்தி, இடுக்கி. செதில் எடுப்பது, குடல் எடுப்பது, கழுவி ஈரத்தைத் துணியால் ஒற்றுவது, உப்பும் எண்ணெயும் தடவிச் சுடுவது எல்லாம் அவரவர் கையால்தான். நான் மீனைத் தொடமாட்டேன். என் வேலை முழுக்க வாயில்தான். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம் என்று முதலாளியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

வகுப்புக்கு என் சட்டம் இரண்டே இரண்டு. தான் சுட்டதைத் தான் தின்னக் கூடாது, பக்கத்து அடுப்புக்காரரோடு தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். தின்றவர், அது எப்படி இருந்தது என்று சுட்டவர் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. நாம் சுட்டது என்றால் கரியைக்கூட ருசி என்று சொல்லி முழுங்கிவிடுவோம். இன்னொருவர் வாய்க்குப் போகிறது என்று தெரிந்தால்தான் கை ஒழுங்காக வேலை செய்யும். இது என் அனுபவம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடி. இல்லையென்றால் குடும்பம். தனியாக வந்து பேர் கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான். ஐம்பதை நெருங்கும் வயது. மணலில் ஷூ போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். நகக் கண்ணில் எல்லாம் கறுப்பு.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

"கழுவிட்டேன் டீச்சர். இது கிரீஸ். போகாது. லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை."

அன்றிலிருந்து அவர் எனக்கு லிஃப்ட்காரர்.

மீன் சுடுவதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. வலை நன்றாகக் காய வேண்டும். மீனை வைத்தபின் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் தோல் கம்பியில் ஒட்டும். வெந்ததும் தானே விடும். அது விடுவதற்கு முன்னால் திருப்பினால் தோல் வலையோடு போய்விடும். இதை ஒவ்வொரு வெள்ளியும் தொண்டை கிழியச் சொல்வேன். முதல் வருஷம் லிஃப்ட்காரர் நான் சொல்லி வாயை மூடுவதற்குள் இடுக்கியைப் போட்டுத் திருப்பிவிட்டார். வால் பக்கம் தோல் உரிந்து வெள்ளைச் சதை தெரிந்தது.

"ஏங்க, உங்களுக்கு என்ன ரயிலுக்கு நேரமாச்சா? என்ன அவசரம்? பச்சையாவே குடுத்துட வேண்டியதுதானே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்று, மறுபக்கம் வேகும்வரை நகராமல் பார்த்துக்கொண்டேன். அவர் மீனைத் தின்ற புதுப்பெண், "வால் பக்கம் கொஞ்சம் பிஞ்சுபோச்சு அங்கிள், மத்தபடி ஓகே" என்றாள். அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷமும் அதே வாரம் வந்தார். அதே ஷூ. மீனை அவசரப்பட்டுத் திருப்பினார். நான் திட்டினேன், பக்கத்தில் நின்றேன். மூன்றாவது வருஷம், நாலாவது, ஐந்தாவது எல்லாம் இதே கூத்துதான். இந்த மண்டையில் ஏறவே ஏறாதா என்று தலையில் அடித்துக்கொள்வேன். விடுதியில் யாராவது சொதப்பினால், "நீ என்ன லிஃப்ட்காரரா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

கரி கனிகிற நேரத்தில் பேச்சுக் கொடுப்பார். அப்படித்தான் அவர் கதை எனக்குத் தெரியும். ஊர் ஊராக எத்தனையோ கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கிறவர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில். இதைச் சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்தது இவர்தான். அவள் இப்போது வெகு தூரத்தில், மாமாவும் பிள்ளைகளுமாக. அம்மா படுக்கையில் விழுந்த ஒன்பது வருஷமும் தூக்கி உட்காரவைத்து ஊட்டினவர் இவர்.

"கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன். எனக்குத்தான் வாய் நிற்காதே.

"பொண்ணு பார்த்துட்டே இருந்தாங்க டீச்சர். அப்புறம் பார்க்கிறவங்களும் போயிட்டாங்க."

"அது சரி" என்று கரியைக் கிளறினேன். என் கல்யாணம் ஏழு வருஷம் ஓடி நின்றுபோனது. அந்த ஆள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். விடுதிக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆறாவது வருஷம் சீசன் ஆரம்பத்திலேயே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இப்பல்லாம் யாரும் புகையில நிக்க வர்றதில்லம்மா. மேஜைக்கு வந்தா போதும்ங்கறாங்க. இந்த வெள்ளிக்கிழமை நாலு பேராவது சேர்ந்தாங்கன்னா பார்ப்போம். இல்லன்னா கொட்டகையை எடுத்துட்டு நாற்காலி போட்டுடலாம்."

நான் காலைச் சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சினேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்புக்குப் பேர் எழுதுகிற நோட்டைப் பிரித்தால் ஒரே பேர். எழுதினது லிஃப்ட்காரர், கொட்டை எழுத்தில். வகுப்பு போவது எனக்குப் பெரிதில்லை, சமையலறையில் வேலை இருக்கிறது. இந்த மனிதர் வருஷத்தில் எடுக்கிற ஒரே லீவை இந்த ஒரு சாயங்காலத்துக்காக எடுத்து வருகிறார், அவரிடம் இனிமேல் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? 

நாலு மணிக்கு வந்து நின்றார். ஏழு அடுப்பு சும்மா கிடப்பதைப் பார்த்தார்.

"யாரும் வரலையா டீச்சர்?"

சொல்லிவிட்டேன். என் வாயில் எதுவும் நைச்சியமாக வராது. "இதான் கடைசி. அடுத்த வருஷம் வகுப்பு கிடையாது."

அவர் ஓர் அடுப்பின் கிட்டப் போய்க் கோணலாகக் கிடந்த வலையை நேராக்கினார். பிறகு, "அப்ப இன்னைக்கு?" என்றார்.

"இன்னைக்கு இருக்கு. கரி போட்டாச்சு."

"தட்டு மாத்த ஆள் வேணுமே."

"ஏன், நான் ஆளாத் தெரியலையா?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் நான் மீனைத் தொட்டது அன்றுதான். அவருக்காக ஒன்றைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வலையில் வைத்தேன். பக்கத்து அடுப்பில் அவர் எனக்காக வைத்தார். 'இப்போ திருப்புவார், இப்போ திருப்புவார்' என்று திட்டுவதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திருப்பவில்லை. குனிந்து, ஒரு காதைச் சாய்த்து, அடுப்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மோட்டார் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்கிறவர் இப்படித்தான் நிற்பாராக இருக்கும். சத்தம் மாறியதும் இடுக்கியை அடியில் கொடுத்து ஒரே தூக்கு. மீன் முழுசாக வந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. வால் துடுப்பு முதற்கொண்டு அப்படியே இருந்தது.

என்னால்கூட அவ்வளவு சுத்தமாகத் திருப்ப முடியாது. பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நிஜமாகவே தெரியாதவர் ஒருமுறை தலைப்பக்கம் கருக்குவார், மறுமுறை வயிற்றைக் கிழிப்பார். இவர் மீன் ஐந்து வருஷமும் ஒரே இடத்தில், வாலுக்கு நாலு விரல் முன்னால்தான் கிழிந்தது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

"உங்களுக்குச் சுடத் தெரியும்" என்றேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "முதல் வருஷம் நிஜமாவே தெரியாது டீச்சர். அப்புறம் வீட்டு மொட்டை மாடியில வாரா வாரம் சுட்டுப் பழகினேன். நல்லா வந்துடுச்சு. ஆனா தட்டு மாத்த ஆள் இல்ல."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து நாலு வருஷமா கிழிச்சீங்க?"

"நல்லாப் பண்றவங்க பக்கத்துல நீங்க நிக்க மாட்டீங்க" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "வருஷம் முழுக்க என்கிட்ட யார் பேசினாலும், லிஃப்ட் எப்ப ஓடும்னுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னையத் திட்டுவீங்க. இன்னைக்கு நீங்க சாப்பிடப் போற மீனு. அதைக் கிழிக்க மனசு வரல."

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். எனக்கு வந்தது கோபம்.

"அப்ப நாலு வருஷமா என்னைய முட்டாளாக்கினீங்க! ஊரே சிரிக்க நான் கத்திக்கிட்டு இருந்தேன், நீங்க உள்ளுக்குள்ள ரசிச்சுக்கிட்டு நின்னீங்க! அந்தப் புள்ளைங்க எல்லாம் பிஞ்ச மீனைத் தின்னுட்டுப் போச்சுங்க! நான் ஒரு மனுஷியா, இல்ல உங்களுக்கு வேடிக்கையா?"

"டீச்சர், அப்படி இல்ல..."

"போதும். ஒண்ணும் பேசாதீங்க."

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திட்டினேன். கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். என் வாய்க்குப் பயந்து ஓடினவர்களைத்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்கவென்று வருஷா வருஷம் பஸ் ஏறி வந்த ஒருவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பிப் போனேன். அவர் இல்லை. கரியை அணைத்து, வலையைத் தேய்த்து, இடுக்கியைக் கழுவி வைத்திருந்தார். நான் சுட்ட மீனைத் தின்றிருந்தார், தட்டில் முள் மட்டும் இருந்தது. அவர் சுட்டது இன்னொரு தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். மேல் தோலைக் குலைக்காமல், உள்ளே இருந்த முள் எல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தார். அம்மாவுக்கு ஊட்டின கை.

நின்றபடியே தின்றேன். ஆறிப்போயிருந்தது. நன்றாக இருந்தது. யாராவது முள் எடுத்து வைத்து நான் தின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அழுதேன். எப்படி இருந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். சொல்ல எதிரே ஆள் இல்லை.

காலையில் அவர் அறைக்கு ஓடினேன். முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாராம். படுக்கையைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வாரம் கொட்டகையைப் பிரித்தார்கள். முதலாளியிடம் சண்டை போட்டு ஓர் அடுப்பை மட்டும் என் அறைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். மூன்று வாரம் அது சும்மா கிடந்தது. போகும்போதும் வரும்போதும் காலில் இடித்துக்கொண்டேன். கடைசியில் வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷமும் ஒரே போன் நம்பர் எழுதியிருந்தார். போட்டேன்.

ஒரு சின்னப் பெண் குரல். "லிஃப்ட் அவசர உதவி, வணக்கம். எந்தக் கட்டடம் மேடம்? எந்த மாடியில நின்னுபோச்சு? உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்குமே, மாட்டிக்கொண்டால் கூப்பிட, அந்த நம்பர். தனக்கென்று கொடுக்க அந்த மனிதருக்கு இதுதான் தோன்றியிருக்கிறது.

"யாரும் மாட்டலம்மா. நான் கடற்கரை விடுதியிலேர்ந்து பேசறேன். உங்ககிட்ட ஒருத்தர் வேலை பார்க்கிறாரே, லிஃப்ட் இல்லாத கட்டடத்துல நாலாவது மாடியில குடியிருக்காரே..."

"அட, நம்ம அண்ணனா!" அவள் சிரித்தாள். "அவர் இப்ப ஒரு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கியிருக்காரு மேடம், சிக்னல் இருக்காது. அவரைக் கேட்டு யாருமே போன் பண்ணதில்லையே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வியை அப்படியே தாண்டிப் போனேன். 

"ஒரு விஷயம் சொல்லணும், எழுதிக்கோ" என்றேன். "மீன் நல்லா இருந்துச்சு. உப்பு சரியா இருந்துச்சு. முள் ஒண்ணுகூட இல்ல."

"என்கிட்ட புகார்ச் சீட்டுதான் மேடம் இருக்கு."

"அதுலயே எழுதும்மா."

அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு வரிசையாகப் படித்துக் காட்டினாள். "இடம், கடற்கரை விடுதி. புகார், மீன் நல்லா இருந்தது, உப்பு சரி, முள் இல்லை. சரிங்களா? ஆள் எப்ப வரணும்னு கேக்குது மேடம். அதை நிரப்பாம சீட்டு போகாது. சாதாரணம்னு போடட்டுமா, அவசரம்னு போடட்டுமா?"

பின்கட்டு வாசலில் அந்த ஒற்றை அடுப்பு தெரிந்தது.

"அவசரம்னு போடு" என்றேன்.