தண்ணி ஜீப்புக்குப் பொட்டு வைத்த நாள்

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் ஒரு பட்டாளத்துப் பட்டறையில் எனக்கு ஃபிட்டர் வேலை. வெள்ளானூரிலிருந்து தினமும் நடந்தே போய் வருவேன். அங்கேதான் தரையிலும் ஓடி, தண்ணீரிலும் மிதக்கும் அந்த வண்டியை முதல்முதலாகப் பார்த்தேன். தண்ணி ஜீப் என்போம். பார்ப்பதற்குத் தகரத் தொட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அதற்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது எனக்கும் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு பாய்க்கும் பொறுப்பு.

வண்டியின் அடித்தகட்டில் மூன்று ஓட்டைகள். பக்கத்து ஏரியில் ஓட்டிப் பார்த்துக் கரையேறியதும் அதிலிருக்கும் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிய விடவேண்டும். மறுபடி இறக்குமுன் ரப்பர் வாஷரோடு முறுக்கி மூடவேண்டும். சொன்னால் இவ்வளவுதான். ஆனால் எங்கள் வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒரு சட்டம் போட்டிருந்தான். பிளக்கை எவன் முறுக்கினானோ அவனும் வண்டியில் ஏறி ஏரிக்குள் போகவேண்டும். பயமிருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று அவன் கணக்கு. கணக்கு சரிதான், பாவி. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை. பட்டறையில் ஒரு பலகை போட்டு எல்லோருடைய ஸ்பானர், சுத்தி, அரம் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினோம். பாயும் தன்னுடைய ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுக்கும் ஒரு பொட்டு வச்சிடு நைனா. அது மட்டும் தனியா இன்னா பண்ணும்?"

முந்தின நாள் கழற்றிய மூன்று பிளக்குகளும் கையில் இருந்தன. எதைச் செய்தாலும் எனக்குத் தாராளமாகச் செய்யவேண்டும். அவற்றையும் பளபளவென்று தேய்த்து, சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துப் பலகையில் ஏற்றினேன். கற்பூரம் காட்டியாயிற்று. மறுநாள் விஜயதசமி பூஜை ஆகும்வரை ஒருத்தரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது.

மத்தியானம் சார்ஜென்ட் வந்து நின்றான். யாரோ பெரிய அதிகாரி பார்க்க வருகிறாராம், உடனே வண்டியை ஏரியில் இறக்கு என்றான். பூஜை என்று கையைக் காட்டினோம். அவன் முகம் சிவந்துபோயிற்று.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே!

"பாய், நீங்க எடுத்து மாட்டிடுங்களேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே."

"நான் தொடலாமா?"

"தாராளமா தொடலாம் பாய்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைக்கு அருகே போனார். பிளக்குகளையும் தன் ஸ்பானரையும் இரண்டு கையாலும் எடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்து முறுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சார்ஜென்ட் ஓட்ட உட்கார்ந்தான்; சட்டப்படி பாயும் வண்டியில் ஏறி, பின்னால் ஒரு வாளியோடு உட்கார்ந்தார். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம், இன்றைக்கு நான் போகவேண்டாம் என்று. அதை நினைத்தால் இன்றும் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை.

புரட்டாசி மழையில் ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வண்டி சரிவில் இறங்கி மிதந்து போயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை போலிருந்தது. கரையில் நின்ற அதிகாரி தலையை ஆட்டினார். நான் கரையோரம் குந்தி, காலையிலிருந்து விரலில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தைக் கழுவக் கையைத் தண்ணீரில் விட்டேன். தேய்க்கக்கூட இல்லை. பொதபொதவென்று ஊறி, தானாகக் கரைந்து போயிற்று.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளக்கில் எங்கே அப்பினேன்? தலையில் மட்டுமா? வாஷர் உட்காருகிற இடத்திலும், திருகுகிற மரையிலும், எல்லா இடத்திலும் அப்பியிருந்தேன். காய்ந்திருக்கும்வரை இறுக்கமாகத்தான் இருக்கும். தண்ணீரில் ஊறினால்? சந்தனம் போன இடத்தில் தண்ணீர் வரும். ஐயோ, பாய்க்கு நீச்சல் தெரியாது. கிணற்றுப் படியில்கூட இறங்கினதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"பாய்! திரும்புங்க! பாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்கும்? நான் கையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினேன். மார்பளவு போனபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. பாய் குனிந்து குனிந்து வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நல்லவேளை, சார்ஜென்ட் வண்டியைத் திருப்பிவிட்டான். நடுவில் ஒரு அலை பக்கவாட்டில் ஏறி உள்ளே விழுந்தது. பாய் வாளியை விட்டுவிட்டு ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எந்தச் சாமியைக் கூப்பிட்டேனோ தெரியாது, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இஞ்சின் இருமி நின்றபோது முன்சக்கரம் தரையைத் தொட்டிருந்தது.

கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தோம். சார்ஜென்ட் அடியில் கையைவிட்டு ஒரு பிளக்கைத் திருகினான். விரலாலேயே கழன்று வந்தது. வாஷருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ குழைந்திருந்தது. இது என்ன என்று பாயின் மூக்குக்கு நேராக நீட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"கிரீஸ், சார்."

அவன் தன் பாஷையில் திட்டித் தீர்த்துவிட்டு, பிளக்கை அவர் கையில் போட்டு, அரை மணியில் மறுபடி இறக்கு என்று சொல்லி அதிகாரியிடம் ஓடினான்.

பாய் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இருந்தும் ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"ஏன் பாய், மாட்டும்போது சந்தனத்தப் பாக்கலியா நீங்க?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா தொடைக்காம மாட்டினீங்க? உசுரு போயிருக்குமே!"

"நீ எதிர்லயே நின்னுகினு கீற. உங்க சாமிக்கு வச்ச பொட்டு. அத நான் எப்டி நைனா அழுக்குத் துணி போட்டுத் தொடைக்கிறது?"

தொடலாம் என்று சொன்ன வாய், துடைத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து பிளக்கை வாங்கி, என் சட்டையை எடுத்து, மரை மரையாகத் துடைத்தேன். நான் துடைத்து முடிக்கும்வரை பாய் இந்தப் பக்கம் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.