டயாலிசிஸ் கட்டிலோரம் சில கொலைகள்

நோயாளிக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருப்பதும் ஒரு உத்தியோகம்தான்; சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஆஸ்பத்திரி நாற்காலியில் இடுப்பு ஒடிய உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் மனைவி சரோஜாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் திருக்கோகர்ணத்திலிருந்து ஆட்டோ பிடித்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். மெசின் நாலு மணி நேரம் ஓடும். அவளுக்கு ஊசி குத்திய வலி, எனக்குச் சும்மா இருக்கிற வலி.

அறுபதுக்கு மேல் ஆரம்பம்

நான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். டிக்கெட்டையும் தினசரியையும் தவிர வேறெதையும் படித்ததில்லை. ஒருநாள் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வெளியே ஜன்னலோரம் யாரோ விட்டுப்போன பழைய துப்பறியும் நாவல்கள் அடுக்காகக் கிடந்தன. எல்லாம் ஒரே துப்பறிவாளர் வருகிற வரிசை. பெயர் எதற்கு, உங்களில் பாதிப் பேர் டவுசர் போட்ட காலத்திலேயே படித்து முடித்திருப்பீர்கள். வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தேன். பத்தாம் பக்கத்தில் ஜமீன்தார் செத்தார். அதற்கப்புறம் கீழே வைக்க முடியவில்லை. இத்தனை வருஷம் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று ஆத்திரமாக வந்தது.

முடிவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி. நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அட, இதுவா சார்? நான் எட்டாவதுலயே படிச்சிட்டேன். வைத்தியம் பாக்க வாராருல்ல, அந்த டாக்டருதான் கொலைகாரரு.”

பக்கத்துக் கட்டில்

ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. சரோஜாவால் புத்தகம் பிடிக்க முடியாது என்பதால் நானே படித்துக்காட்ட ஆரம்பித்தேன். கண்டக்டர் குரல் அல்லவா, கொலையைக்கூட அடுத்த ஸ்டாப்பிங் சொல்வதுபோலத்தான் சொல்ல வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் நிறுத்தும்போதெல்லாம் “அப்புறம்?” என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் செல்லையா. கடலோரக் கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்தவர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து இறங்கி, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மூன்றாவது புத்தகத்தில் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்புறம் அவரே சட்டமும் போட்டார். புத்தகம் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது, கடைசிப் பக்கத்தை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, மெசின் சத்தத்துல பொணம் எங்க கெடந்துச்சுன்னு காதுல விழுகல. செத்த இங்கிட்டுத் திரும்பிப் படிங்க.”

செல்லையாவின் சந்தேகம்

ஒரு வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. கதை பாதியில் நின்றது. அன்று என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. அடுத்த முறை அதை மூடி வைத்துவிட்டு வேறொரு கதையை ஆரம்பித்தேன்.

பிறகு ஒருநாள், அவர் விட்டுப்போன போர்வையை வாங்கிப்போக அவர் மனைவி வந்தார். நேரே என்னிடம் வந்து, “அவுக கடைசிவரைக்கும் அந்தக் கதையவேதான் பேசுனாக. கணக்குப்பிள்ளைதான் கொன்னுருப்பான்னாக. சரிதானாண்ணே?” என்றார். சட்டத்தை மீறி அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். செத்தவனுடைய மச்சினன் பெயர் இருந்தது. “கணக்குப்பிள்ளைதாம்மா” என்றேன். போர்வையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அந்தம்மா சொன்னார்: “போட்டோக்கிட்டப் போயிச் சொல்லிர்றேண்ணே. அவுகளுக்கு அது ஒண்ணுதான் தெரியாமக் கெடந்துச்சு.”

சரோஜாவின் முடிவு

அதற்கடுத்த முறை கிளம்பும் நேரத்தில் சரோஜா வீட்டுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. “போதும், நான் வரலை” என்றாள். குவைத்திலிருந்து மகன் போனில் அழுதான். அதற்கும் மசியவில்லை. ஒருமுறை தவறியது. கால் வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. இன்னொரு முறை தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் நான் தந்திரமாக, “புதுக் கதை பாதியில நிக்குதே, கொன்னது யாருன்னு தெரிய வேணாமா?” என்று கேட்டேன்.

“சமையக்காரன்” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “ஒம்பதாவது படிக்கிறப்பவே எல்லாத்தையும் படிச்சிட்டேன். செல்லையா அண்ணன் கேட்ட கதையில கொன்னது மச்சினன். அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும்.” முழு வரிசையையும் படித்தவள், நான் ஆசையாகப் படிக்கிறேன் என்பதற்காகவே இத்தனை மாதமாக ஒன்றும் தெரியாதவள் மாதிரி “அப்புறம்?” கேட்டிருக்கிறாள்.

அவளைக் கிளப்ப என் கையில் வேறு எதுவும் இல்லை. கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, “எனக்காக வா சரோ. நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது” என்று சொல்லி அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சொன்னாள்: “ஆட்டோவக் கூப்பிடுங்க. அடுத்த பொஸ்தகத்துல யாருன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

முடிவு என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியும். பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்பத்தான் துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.