எதிர்ச்சுவரில் இருப்பது

எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தப்பில்லாமல் படித்துவிட்டோம் என்று வாடிக்கையாளர் நிமிரும் நேரம் பார்த்து, அத்தான் அந்தச் சுழல் நாற்காலியை ஒரு கையால் அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். "அது சரி, இதப் படிங்க பாப்போம்." எதிர்ச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு சுவரொட்டி. எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் சூட்டில் வைத்த மெழுகு மாதிரி உருகி, வளைந்து, ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று புகுந்து, கடைசியில் ஒரு பெண்ணின் தலைமுடியாகி மேலே போய்விடுகின்றன. வந்தவர் கண்ணைச் சுருக்குவார், கழுத்தை நீட்டுவார், முகம் வெளிறிப்போகும். ஒன்றும் தெரியவில்லையே என்று அவர் முனகியதும், "தெரியக் கூடாதுன்னுதான் அப்படி எழுதியிருக்கான்" என்று அத்தான் தோள் குலுங்கச் சிரிப்பார். கண் போய்விட்டது என்று பயந்தவர், கண் இருக்கிற சந்தோஷத்தில் கொஞ்சம் விலை கூடின சட்டமாகவே எடுத்துக்கொண்டு போவார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னறையில் கண் சோதனை, மாடியில் வீடு. குள்ளமான, உருண்டையான ஆள். சட்டைப் பையில் மஞ்சள் துணி ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். கண்ணாடி போட்டவர் யார் எதிரே வந்தாலும், பேச்சை நிறுத்தாமல் அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் மாட்டிவிடுவார். துக்க வீட்டில்கூட ஒருமுறை, அழுதுகொண்டிருந்த மனிதருக்கு இதைச் செய்தார். அவரும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு அழுதார். அத்தான் மட்டும் கண்ணாடி போடுவதில்லை. கேட்டால், "நான் விக்கிறவன், எனக்கு எதுக்கு?" என்பார்.

அவரை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிகிறது, அவ்வளவுதான்.

அறுபதுகளில் வெளிநாட்டுக் கிட்டார் குழுக்கள் நடத்திய கச்சேரிகளுக்காக அச்சடித்து, தெருத்தெருவாக ஒட்டி, மறுவாரமே மழையில் கிழிந்துபோன காகிதங்கள்தான் இந்தச் சுவரொட்டிகள். போதையில் மிதக்கிற மாதிரியான அந்த இசையைச் சைகடெலிக் ராக் என்பார்கள். கிழியாமல் தப்பியவற்றைத் தேடிப் பிடிக்கிற கிறுக்கு எனக்குக் கல்லூரியில் படிக்கும்போதே பிடித்தது. மோதி நசுங்கின வண்டிகளைப் பார்த்துச் சேதத்துக்கு மதிப்புப் போடுவது என் உத்தியோகம். அதில் வருகிற சம்பளத்தில் பாதி இந்தக் காகிதத்துக்கே போயிற்று. கல்யாணம் கூடத் தள்ளித் தள்ளிப்போய், பிறகு போயே போய்விட்டது. அத்தானுக்கோ இதில் அரிச்சுவடியே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பின்னறைச் சுவரில் இருப்பது ஒரு குழுவின் ஒரே ஒரு கச்சேரிக்கு அடித்தது. குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஏழாவது தும்மல்'. முதல் தடவை ஆரஞ்சோடு ஊதாவைச் சேர்த்து அடித்தார்கள். ஊதா மை தீர்ந்துபோனது. அடுத்த தடவை அந்த இடத்தில் நீலத்தைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள். அதே அச்சு, அதே காகிதம், அதே அளவு. மை ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அது என்ன லேசான வித்தியாசமா? ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா நின்றால் படம் ஆடும். நிஜமாகவே ஆடும், பார்த்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். நீலம் ஆடாது, பேசாமல் உட்கார்ந்திருக்கும். என்னிடம் இருப்பது நீலம்.

ஊதா அவருக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? தேடி அல்ல. மூடப்போகிற ஒரு கடையிலிருந்து பழைய அலமாரி வாங்கினார். அதன் முதுகுப் பலகைக்கு உள்பக்கமாக, குண்டூசி குத்தின தடம்கூட இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி அது இருந்திருக்கிறது. "மச்சான், உன்கிட்ட இருக்கிற மாதிரியே ஒண்ணு சிக்கியிருக்கு. கலர் மட்டும் கொஞ்சம் வேற" என்று போனில் சொன்னார். போட்டது போட்டபடி ஓடினேன். அப்போது மட்டும் நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, சும்மா ஒரு காகிதம், கொடுங்கள் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருந்தால், ஒரு தேநீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தே அனுப்பியிருப்பார். என் பாழாய்ப்போன முகம்! வாய் பிளந்து நின்றேன். அத்தான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "ஓஹோ, அவ்வளவு நல்லதா?" என்று கேட்டுவிட்டு, அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து அவரும் சேகரிப்பாளர். ஊதாவுக்குச் சட்டம் போட்டுப் பின்னறையில் மாட்டினார், மேற்கொண்டு வேறு சுவரொட்டிகளாக வாங்கி மாடிப்படிச் சுவர் முழுக்க நிரப்பிவிட்டார். நான் என்னிடம் இருக்கிற மொத்தத்தையும் தருகிறேன், ஊதாவை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "பாக்கலாம் மச்சான்" என்பார். அத்தான் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போன வருஷம் கடைக்கு வெள்ளையடித்தபோது, தூசி படக் கூடாதென்று ஊதாவை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். வேலை முடிகிறவரை இரண்டையும் என் கட்டிலில் அருகருகே விரித்துவிட்டு நான் தரையில் படுத்தேன். மாற்றி வைத்துவிட்டால் என்ன என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. நினைத்தேன். நினைத்ததோடு சரி. வெள்ளையடித்து முடிந்ததும் நானே சுமந்துகொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன்.

கொஞ்ச மாதம் கழித்து அத்தானின் போக்கு மாறியது. முதலில் பின்னறை விளக்கை மாற்றினார். அது சரிப்படவில்லை என்று இன்னொன்று போட்டார். வெயில் பட்டு வெளுக்கிறது என்று ஜன்னலுக்குத் திரை தைத்தார். வாடிக்கையாளர்களுக்கு நாற்காலியைத் திருப்புவது நின்றுபோனது. கடைச் சாவியையே என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர், நான் பின்னறைக்குள் நுழைந்தால் கூடவே வந்து நிற்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பேப்பர் முன்ன மாதிரி ஆடலயாம்டா. நீ உன்னோடத மாட்டிட்டு அவரோடத எடுத்துக்கிட்டியோன்னு நெனைக்கிறாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டேன், பெருமூச்சு விட்டேன், மனசுக்குள் சபித்தேன். அதற்கெல்லாம் என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். கையால் தொடாத திருட்டை எப்படி வாங்கிக்கொள்வது? நேரே வீட்டுக்குப் போய் என் நீலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். சட்டத்தைக் கழற்றுங்கள் என்றேன். அத்தான் கழற்றினார். பின்னறை மேஜையில் இரண்டையும் அருகருகே விரித்தோம்.

உறவு முறிந்துபோகுமோ என்ற பயத்தில் அக்கா தேநீர்த் தட்டோடு இறங்கி வந்தாள். தட்டு மேஜை விளிம்பில் இடித்து ஒரு குவளை சரிந்தது. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, இரண்டு காகிதத்தையும் வாரி எடுத்து, சுவரோரம் இருந்த பெஞ்சில் போட்டாள். ஒரு சொட்டுகூடப் படவில்லை. "எழுத்தே தெரியாத பேப்பருக்கு மாமனும் மச்சானும் அடிச்சுக்குங்க" என்று முணுமுணுத்தபடி மேஜையைத் துடைத்தாள்.

அத்தான் பெஞ்சின் முன்னால் குனிந்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இதுதான் என்று ஒன்றின் மேல் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. இடது பக்கத்தில் ஊதா என் கண்ணைக் குத்திக்கொண்டு ஆடுகிறது, வலது பக்கத்தில் நீலம் செத்துக் கிடக்கிறது. சின்னக் குழந்தை சொல்லும். இவர் என்ன தடவிக்கொண்டு நிற்கிறார்?

அப்புறம்தான் உறைத்தது. அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அத்தான் நிமிர்ந்தார். அன்றைக்குப் போலவே காகிதத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எது மச்சான் என்னோடது?"

அந்த அலமாரி நாளுக்குப் பிறகு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை பழகியிருக்கிறேன். அன்று கல்லாகவே இருந்தது. அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் விரலை நீட்டியிருந்தால், இவ்வளவு வருஷத்து எரிச்சல் அத்தோடு அணைந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்காலியைத் திருப்பித் திருப்பி, நீலத்தைக் காட்டியே அத்தான் சிரித்துக்கொண்டிருப்பார்.

இடது பக்கத்துக் காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். நீட்டிய பிறகும் என் விரல்கள் அதை விட மறுத்தன. சும்மா சொல்லக் கூடாது, அவர் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கவேண்டியிருந்தது.

"இதுதான் உங்களோடது. எப்பவும் இங்கதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் ஆடல?"

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். அத்தான் காகிதத்தைக் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதைச் சட்டத்துக்குள் வைத்து, மூடி, பழைய ஆணியில் மாட்டினார். பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மேல் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். பிறகு நான் அவரை ஒருநாளும் பார்த்திராத இடத்தில், வாடிக்கையாளருடைய சுழல் நாற்காலியில், சுவரொட்டியைப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை.

"திருப்பு மச்சான்" என்றார்.

எழுத்துப் பலகையின் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன். அத்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடினார்.